காடி வெட்டிய மலைகள்

எல்லோராவையோ மாமல்லபுரத்தையோ பார்த்துவிட்டு மதுரைப் பக்கத்துச் சமணக் குகைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "குகை எங்கே?" கேட்கும்போது அவர்கள் நிற்பது அந்தக் குகைக்குள்தான். தூண் கிடையாது, மண்டபம் கிடையாது, வாசல் கூடக் கிடையாது. பெரிய பாறை ஒன்று முன்னால் சாய்ந்து நிற்கும். அதனடியில் ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் ஒரு பொந்து, அதற்குள் வழவழப்பான தரை. பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கொங்கர் புளியங்குளத்துக்கு முதன்முறை போனபோது என் கண்ணிலும் எதுவும் படவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர யாரும் உடன் இல்லை. இந்தக் கட்டுரை அப்படிப் போகிறவர்களுக்காக.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவற்றை யாரும் குடையவில்லை என்பது. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் காலங்காலமாகக் கிடந்த பாறை, வெங்காயத் தோல் உரிவதுபோல ஏடு ஏடாக உரியும். உரிந்த இடத்தில் குடைவு விழும். மதுரையைச் சுற்றியுள்ள ஆனைமலை, அழகர்மலை, சமணர்மலை, திருப்பரங்குன்றம் எங்கும் இப்படி இயற்கையாக விழுந்த குடைவுகள் உண்டு. சமணத் துறவிகள் அவற்றில் கை வைத்தது மிகக் குறைவு. அந்தக் குறைந்த வேலையில்தான் அவர்களுடைய மனம் இருக்கிறது.

குகைக்குள் நுழையும் முன் நின்று, தலையை உயர்த்திப் பாறையின் நெற்றியைப் பாருங்கள். இடமிருந்து வலமாக, புருவம் போல ஒரு கோடு ஓடும். உளியால் வெட்டிய காடி அது. சில இடங்களில் இரண்டு விரல் அகலம், சில இடங்களில் ஒரு சாண். காடிக்குக் கீழே பாறை சற்று உள்வாங்கி, மேல்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இதன் வேலை புரிந்தது ஓர் ஐப்பசி மழையில். மலைமுதுகில் விழுந்த மழை தகடாகப் பாறையில் இறங்கி வந்தது. ஈரம் பாறையை விடாது. விளிம்பு எவ்வளவு வளைந்தாலும் அதையே ஒட்டிக்கொண்டு கூரையின் அடிப்பக்கம் வழியாக உள்ளே ஊர்ந்து வந்துவிடும். ஆனால் காடியருகே வந்ததும் அந்தத் தகடு அறுந்தது. தண்ணீர் விளிம்பில் மணி மணியாகத் திரண்டு, குகைக்கு வெளியே வரிசையாகச் சொட்டியது. எனக்கும் மழைக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. என் காலடியில் இருந்த புழுதி ஈரப்படவில்லை.

இது நம் கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போடும்போது அதன் அடிப்பக்க ஓரத்தில் கரண்டியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். சுவருக்குத் தண்ணீர் வராமல் தடுப்பது அந்தக் கோடுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அதே வேலையை இரும்பு உளியால் கருங்கல்லில் செய்திருக்கிறார்கள். ஒரு பொந்தில் மனிதர் குடியேறினார் என்பதற்கு முதல் அடையாளம் இந்தக் காடி. படுக்கை தேய்ந்து போயிருக்கலாம், எழுத்து அழிந்திருக்கலாம். காடி இருந்தால் அங்கே யாரோ வாழ்ந்திருக்கிறார்கள்.

மழைக்கு ஏன் இவ்வளவு கவனம்? சமணத் துறவிக்குச் சொந்த வீடு கூடாது, ஓரிடத்தில் நிலைத்து இருக்கவும் கூடாது. ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் தரையெல்லாம் புல்லும் பூச்சியும் முளைத்துக் கிடக்கும். நடந்தால் காலடியில் உயிர் சாகும். ஆகவே அந்த நான்கு மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. ஓர் எறும்பை மிதிக்கக் கூடாது என்பதற்காக நின்றவர்களுக்கு நனையாத இடம் தேவைப்பட்டது. காடி அந்த அறத்திலிருந்து வந்தது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் சமைப்பதில்லை, கிடைத்த பிச்சையை உண்பவர்கள். அதனால் மனிதர் வராத காட்டுக்குள் போய் உட்கார முடியாது. இந்தக் குகைகள் எல்லாமே ஊருக்கும் வணிகப் பாதைக்கும் பக்கத்தில், கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் இருப்பது அதனால்தான்.

இனி உள்ளே வரலாம். தரையில் நீள்சதுரமாகச் செதுக்கி வழுவழுப்பாக்கிய கற்படுக்கைகள். ஆள் நீளம், ஆள் அகலம், அவ்வளவே. தலைமாட்டில் பாறையையே சற்று உயர்த்திவிட்டுத் தலையணை செய்திருப்பார்கள். ஒருவர் புரண்டு படுத்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் படாதபடி நடுவில் ஒரு சிறு வரம்பு. உச்சி வெயிலில் போய் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். குகைக்கு வெளியே தரையில் சில இடங்களில் வட்டக் குழிகள் தெரியும். அவை பந்தல்கால் நட்ட குழிகள். கொங்கர் புளியங்குளத்துக் கல்வெட்டுகளில் வரும் சொல்லொன்றைக் கூரை என்று படித்து, யாரோ ஒருவர் துறவிகளுக்குக் கூரை வேய்ந்து கொடுத்ததைச் சொல்கிறது என்று பொருள் கொள்கிறார்கள் ஆய்வாளர்கள். குழியையும் கல்வெட்டையும் சேர்த்துப் பார்த்தால், பொந்துக்கு முன்னால் ஓலை வேய்ந்த ஒரு திண்ணை மனக்கண்ணில் எழுகிறது.

ஊர்க்காரர்களிடம் சமணக் குகை என்று கேட்டால் பல இடங்களில் தெரியாது. "பஞ்சபாண்டவர் படுக்கை" என்று கேளுங்கள், ஆடு மேய்க்கிற சிறுவனும் கை காட்டுவான். வனவாசத்தில் பாண்டவர் வந்து படுத்த இடம் என்பது கதை. வீடற்றுக் காட்டில் திரிந்தவர்கள் வெறும் கல்லில் படுத்தார்கள் என்ற நினைவை ஊர் விட்டுவிடவில்லை, ஆட்களை மட்டும் மாற்றிக்கொண்டது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்தக் கதை இருந்ததால்தான் பல படுக்கைகள் உடைபடாமல் தப்பின.

எழுத்தைப் பார்க்க மாங்குளம் போக வேண்டும். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டாரத்தில், மீனாட்சிபுரம் என்ற சிற்றூரை ஒட்டிய ஓவாமலை. ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் 1882இலேயே இங்குள்ள எழுத்துகளைக் குறித்து வைத்தார். ஆனால் அவை என்ன மொழி என்பது நாற்பது ஆண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. அசோகர் காலத்துப் பிராமி போல இருந்ததால் பிராகிருதம் என்றோ பாலி என்றோ படித்துப் பார்த்தார்கள், பொருள் வரவில்லை. 1924இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்றார். ற, ன, ள, ழ என்ற ஒலிகளுக்காகப் பிராமியில் இல்லாத புதிய எழுத்துகளை இங்கே ஆக்கியிருக்கிறார்கள் என்று அவர் கண்டார். பிராகிருதத்துக்குத் தேவையே இல்லாத எழுத்துகள் அவை. மாங்குளத்தில் அந்த 'ழ' எந்தப் பெயர்களில் வருகிறது தெரியுமா? நெடுஞ்செழியனிலும் வழுதியிலும். இரண்டும் சங்க இலக்கியத்தில் பாண்டியருக்கு வழங்கும் பெயர்கள். இரவல் எழுத்தை வாங்கியவர்கள் தம் அரசன் பெயரை எழுத முடியாமல் திகைத்து, ஓர் எழுத்தைப் புதிதாக ஆக்கியது போலவே எனக்குத் தோன்றும். அந்த 'ழ'வைப் பாறையில் தேடிக் கண்டுபிடிக்கிற கணம் ஒன்று உண்டு. அதற்காகவே மலை ஏறலாம்.

நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி இந்தப் பள்ளியை, அதாவது துறவிகளின் உறைவிடத்தை, கொத்துவித்தான் என்பது ஒரு கல்வெட்டின் செய்தி. கணி என்ற பட்டம் தாங்கிய துறவி ஒருவர் பெயர் வருகிறது. கணி என்றால் சமணக் கூட்டத்தின் தலைவர். வெள்ளறை என்ற ஊரின் நிகமம், அதாவது வணிகர் குழு, கொடுத்த கொடையும் இருக்கிறது. காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். துறவி, அரசு, வணிகர் மூவரும் ஒரு பாறையில் கூடியிருக்கிறார்கள்.

மாங்குளத்தைவிட எனக்கு நெருக்கமானது அழகர்மலை. அழகர்கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட மலையின் மறுபக்கம், கிடாரிப்பட்டிப் பக்கம் போவதில்லை. அங்கே அகலமான குடைவு ஒன்றில் காடியை ஒட்டி வரிசையாகப் பெயர்கள். அரசன் யாரும் இல்லை. வியகன் என்ற உப்பு வணிகன். கொழு விற்கிற ஒருவன். ஏரில் மாட்டும் இரும்புக் கொழுவையே சொல்கிறேன். பாணிதம் எனும் வெல்லப்பாகு விற்றவன். அறுவை, அதாவது துணி விற்றவன். ஒரு பொற்கொல்லன். மதுரை என்ற ஊர்ப்பெயரை 'மத்திரை' என்று எழுதியிருக்கிறார்கள். உப்பு மூட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய ஒரு மனிதன், தான் சேர்த்ததில் ஒரு பங்கைத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டக் கொடுத்திருக்கிறான். அவன் பெயரை எந்தப் புலவரும் பாடவில்லை. கல் மட்டும் வைத்திருக்கிறது. நம் வரலாற்று நூல்களில் மூவேந்தருக்குக் கொடுக்கிற பக்கங்களில் ஒரு பக்கமாவது இந்த வியகனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மற்ற மலைகளிலும் இப்படி ஒவ்வொரு செய்தி. திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டு ஈழக் குடும்பிகன், அதாவது இல்லறத்தான், ஒருவனைச் சொல்கிறது. கீழவளவில் எழுத்துகளைத் தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டியிருக்கிறார்கள். வரிச்சியூரில் நூறு கலம் நெல் பேசப்படுகிறது. ஆனைமலையின் கல்வெட்டு அந்த மலையை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்றால் யானை. மதுரையிலிருந்து பார்த்தால் படுத்த யானை போலத் தெரியும் அந்த மலைக்கு இரண்டாயிரம் ஆண்டாக ஒரே பெயர்.

இங்கே காலத்தில் பெரிய இடைவெளி ஒன்று விழுகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பக்தி இயக்கம் எழுந்தது, சம்பந்தர் மதுரைக்கு வந்தார், பாண்டியன் சைவனானான், சமணம் அழிந்தது என்று பள்ளியில் படித்தோம். எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையும் கேட்டோம். ஆனால் இந்த மலைகளில் காணும், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் எந்தக் காலத்தவை? பெரும்பாலும் 9, 10ஆம் நூற்றாண்டு. அதாவது, அழிந்ததாகச் சொல்லப்படுகிற காலத்துக்கு இருநூறு ஆண்டுக்குப் பின். கற்படுக்கையும் தமிழி எனும் அந்தப் பழைய எழுத்தும் இருந்த அதே குன்றுகளுக்குத் திரும்பி வந்து, இந்த முறை பிற்கால எழுத்தான வட்டெழுத்தில் பெயர் பொறித்து, சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். புராணம் சொல்வதும் கல் சொல்வதும் ஒத்துப்போகாத இடம் இது. நான் கல்லை நம்புகிறேன்.

இந்த இரண்டாம் காலத்தைப் பார்க்கச் சமணர்மலைக்கு இணையான இடம் இல்லை. மதுரையிலிருந்து தேனி சாலையில் போய், நாகமலை புதுக்கோட்டையில் பிரிந்தால் கீழக்குயில்குடி. மலையடியில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். தென்மேற்குப் பக்கம் படியேறினால் செட்டிப்பொடவு. பொடவு என்றால் குடைவு. குகை வாயிலில் பாறைமேல் ஆளைவிடப் பெரிய தீர்த்தங்கரர், முக்குடைக்குக் கீழே அமர்ந்திருக்கிறார். நீண்ட காதையும் அமர்ந்த தோரணையையும் பார்த்து ஊரார் செட்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே வளைந்த விதானத்தில் ஐந்து சிற்பங்கள். ஒரு ஓரத்தில் சிங்கத்தின்மேல் ஏறி வில்லேந்திய பெண் தெய்வமான இயக்கி, எதிரே யானைமேல் வருகிறவனோடு போரிடுகிறாள். எறும்பை மிதிக்கக் கூடாது என்றவர்களின் குகையில் ஒரு போர்! அவளை அடுத்து, எந்த அசைவும் இல்லாமல் மூன்று தீர்த்தங்கரர்கள். அந்த ஆவேசத்தையும் இந்த அமைதியையும் அடுத்தடுத்து வைத்த சிற்பிக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பெரிய தீர்த்தங்கரரின் கீழே வட்டெழுத்தில் உள்ள செய்தி, இதைக் கீழ்க்குயில்குடி ஊரார் பெயரால் செய்வித்தது என்பது. காவல் இன்னாருடையது என்றும் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் ஊர்ப்பெயர் மாறவில்லை. கீழே பஸ் நிறுத்தப் பலகையில் படித்த பெயரை மேலே பாறையிலும் காணும்போது, கல்வெட்டு என்பது செத்தவர்களைப் பற்றியது என்ற நினைப்பு போய்விடும்.

மலையின் இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். மேலே சுனை, அருகே பாறைச் சரிவில் வரிசையாக எட்டுத் திருமேனிகள். பாகுபலி இருக்கிறார். பாம்பு குடை பிடிக்கும் பார்சுவநாதர் இருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தி என்ற துறவியின் தாய். இந்த அச்சணந்தியின் பெயர் அரிட்டாபட்டியில் இருக்கிறது, ஆனைமலையில் இருக்கிறது, கருங்காலக்குடியில், கொங்கர் புளியங்குளத்தில், தேனிப் பக்கம் உத்தமபாளையத்தில், வடக்கே வள்ளிமலையிலும் இருக்கிறது. பாண்டிய நாடு முழுக்க நடந்து, அழிந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நெறியைப் பாறைகளில் ஊன்றி வைத்த மனிதர். துறவி வீட்டை விட்டவர், உறவை அறுத்தவர். ஆனாலும் அந்த அம்மாள் தன்னை இன்னாரின் தாய் என்றே கல்லில் எழுதவிட்டிருக்கிறார். எத்தனை முறை போனாலும் அந்த வரியருகே நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. உச்சியில் விளக்குத் தூண் அருகே ஒரு கன்னடக் கல்வெட்டு. கருநாடகத்துச் சமணர்கள் இங்கு வந்து போன தடம் அது. இதே மலையில் 2012இல் ஒரு தமிழிக் கல்வெட்டும் கண்டெடுக்கப்பட்டது. தமிழி, வட்டெழுத்து, கன்னடம் மூன்றும் ஒரே மலையில். சமணர் போனபின் ஊர் அந்த இடங்களைக் காலியாக விடவில்லை. இயக்கி பேச்சியம்மன் ஆனாள், தீர்த்தங்கரர் செட்டியார் ஆனார், அய்யனார் அடிவாரத்தில் காவலுக்கு நின்றார்.

இதெல்லாம் எப்போதும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. படுக்கைகளின்மேல் காதலர் பெயர்களை ஆணியால் கீறியிருக்கிறார்கள், எழுத்தின்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வெடி. கீழவளவுப் பக்கம் போனால், குன்றுகள் இருந்த இடத்தில் செங்குத்தாக அறுத்த பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்பதைக் காணலாம். ஆனைமலையைச் சிற்ப நகரமாக்க 2010இல் திட்டம் வந்தபோது, நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் எழுந்து தடுத்தார்கள். 2022இல் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அதே வட்டாரத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஓவாமலையின் 'ழ' இன்னும் அங்கே இருப்பதற்கு அந்த மக்களும் ஒரு காரணம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலை ஏழு மணிக்குள் மலையடியில் இருங்கள். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. தவிர, ஒளி பக்கவாட்டில் விழுகிற நேரத்தில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். உச்சிப் பொழுதில் அதே எழுத்து மறைந்துவிடும். நிழலான இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸோ சுண்ணாம்போ தடவ வேண்டாம். மாங்குளத்துக்கும் அழகர்மலைக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போவது நல்லது, அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. போய்ச் சேர்ந்ததும் உடனே உள்ளே நுழையாமல், வெளியே நின்று முதலில் அந்தக் காடியைத் தேடுங்கள்.